குவாரி மேட்டில் நிற்காமல் போன கார்

வில்ஹோ கார்வோனென் இருபத்தேழு வருடம் மாவட்டத்துப் பனி தள்ளும் லாரி ஓட்டியவர். மேல் மிச்சிகனில், எங்கள் ஏரிக்கரைப் பக்கம், அந்த வேலைக்கு இருக்கிற மரியாதை பாதிரியாருக்குக்கூடக் கிடையாது. பாதிரியார் ஞாயிற்றுக்கிழமைக்குத்தான் வேண்டும். வில்ஹோ நவம்பரிலிருந்து ஏப்ரல்வரை தினமும் வேண்டும். சாலையைத் தள்ளிக்கொண்டு வரும் லாரி, போகிற போக்கில் ஒவ்வொரு வீட்டு வாசலிலும் இடுப்பளவு பனியை அடைத்துவிட்டுப் போகும். அதை வெட்டி எடுப்பதற்குள் வீட்டுக்காரனுக்கு நாக்குத் தள்ளிவிடும். தனியாக இருக்கும் பெண்களின் வீடு வந்தால் மட்டும் வில்ஹோ, வாசலுக்கு முன்பே குவியலை ஓரத்தில் ஒதுக்கிவிட்டு அப்புறம் தாண்டிப் போவார். யாரும் சொல்லிச் செய்ததில்லை. செய்ததை அவரும் சொல்லிக்காட்டியதில்லை.

அப்படிப்பட்ட மனிதர் 1988 ஜனவரியில் செய்த காரியத்தைத்தான் இங்கே சொல்ல வேண்டியிருக்கிறது. பூசி மெழுகுவதில் பிரயோசனமில்லை.

ஓய்வு பெற்றதும் லாரி போய்விட்டது; கர்வம் மட்டும் போகவில்லை. அதைக் கொண்டுபோய் ஒரு பழைய காரின் மேல் வைத்தார். 73-ஆம் வருடத்து மஞ்சள் கார், எட்டு சிலிண்டர், பின் சக்கரம் தள்ளுகிற வண்டி, முன் விளக்கில் ஒன்று அவிந்து மூன்று வருடம். ஊரில் அதற்குப் படகு என்று பெயர். பின் சக்கரம் வழுக்காமல் இருக்க டிக்கியில் நாலு மூட்டை மணல், குளிர்காற்று நேராக அடிக்காமல் ரேடியேட்டருக்கு முன்னால் ஒரு அட்டை, ராத்திரி எஞ்சின் உறையாமல் இருக்க வீட்டிலிருந்து இழுத்த மின்சார ஒயர் என்று அதற்குக் கைக்குழந்தை மாதிரி பணிவிடை. முன் சக்கரம் இழுக்கிற சின்னக் கார்களைக் கண்டாலே அவருக்கு இளக்காரம். பொம்மை என்பார். வண்டி ஓட்டுவது டயர் இல்லை, கை என்பார். என் ஆயுசில் நான் பள்ளத்தில் இறங்கினதில்லை என்று ரௌனியின் காபிக் கடையில் வாரத்துக்கு ஒருமுறையாவது சொல்லிவிடுவார்.

மனைவி இம்பிக்கு இந்த வீராப்பெல்லாம் பழக்கம். அக்டோபரிலேயே சொன்னாள், பின் டயர் இரண்டும் என் உள்ளங்கை மாதிரி வழுவழுவென்று இருக்கிறது, மாற்று என்று. இன்னும் ஒரு குளிர்காலம் தாங்கும் என்றார் வில்ஹோ. அவள் இரண்டு முறை சொன்னாள். மூன்றாவது முறை சொல்லவில்லை.

எங்கள் பக்கம் குளிர்காலச் சாலைக்கு இரண்டு சட்டம் உண்டு. எந்தப் புத்தகத்திலும் எழுதவில்லை, எல்லோருக்கும் தெரியும். பள்ளத்தில் இறங்கிய வண்டியைப் பார்த்தால் நிற்காமல் போகக் கூடாது. உள்ளே இருப்பவன் உன் எதிரியாக இருக்கலாம், உன் மேல் கேஸ் போட்டவனாக இருக்கலாம், நின்றே ஆக வேண்டும். இன்னொன்று, குவாரி மேட்டில் ஏறும்போது ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுக்கக் கூடாது. எடுத்தால் சக்கரம் நின்ற இடத்தில் சுற்றும், வண்டி பின்னால் வழுக்கும். அப்படியானால் மேட்டிலேயே ஒருத்தன் பள்ளத்தில் கிடந்தால் என்ன செய்வது? அதற்கும் வழி இருக்கிறது. நிற்காமல் உச்சிவரை போ, குவாரி கேட்டுக்கு முன்னால் திருப்பு, இறங்கி வந்து அவன் பக்கத்தில் நிறுத்து. இறக்கத்தைப் பார்த்து நிற்கிற வண்டி எப்படியும் கிளம்பிவிடும். ஸ்கூல் பிள்ளைக்குக்கூட இது தெரியும்.

அன்று செவ்வாய்க்கிழமை. பூஜ்யத்துக்குக் கீழே பன்னிரண்டு டிகிரி, ஏரியிலிருந்து காற்று. ரௌனி கடையில் ஆட்கள் கூடும் நேரத்துக்கு வில்ஹோ கிளம்பினார். மதியம் இரண்டேகாலுக்கு மேட்டடியில் இருக்கும் நீமி பண்ணை வீட்டைத் தாண்டினார். முந்தின நாள் உருகி இரவில் உறைந்த சாலை கண்ணாடியாகக் கிடந்தது. அதன் மேல் மாவு மாதிரி பனி ஓடிக்கொண்டிருந்தது. மேட்டில் நூறு கெஜம் ஏறுவதற்குள்ளேயே பின்பக்கம் இடமும் வலமுமாக ஆட ஆரம்பித்துவிட்டது. டயர் சரியில்லை என்பது அவருக்கு அந்த நிமிஷம் சந்தேகமில்லாமல் தெரிந்தது.

அப்போதுதான் வலது பக்கப் பள்ளத்தில் ஒரு வண்டியைப் பார்த்தார். பாதிக்கு மேல் பனி மூடியிருந்தது. எச்சரிக்கை விளக்கு மினுக்கியது. ஜன்னல் வழியாக ஒரு கை வெளியே வந்து ஆடியது.

யார் என்று அவர் பார்க்கவில்லை. பார்த்தால் தெரிந்துவிடும் என்றுதான் பார்க்கவில்லை. இதைப் பின்னால் அவரே சொன்னார். கண்ணைச் சாலையில் வைத்துக்கொண்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு ஏறினார். அதுவரை தப்பில்லை. அது சட்டப்படிதான்.

உச்சிக்கு வந்துவிட்டார். குவாரி கேட்டுக்கு முன்னால் முழங்காலளவு பனி சேர்ந்திருந்தது. திருப்பினால் அங்கேயே மாட்டிக்கொள்ளலாம். மாட்டாமல் திருப்பிவிட்டாலும், அந்த டயரோடு அந்த இறக்கத்தில் பிரேக்கில் கால் வைத்தால் படகும் நேராகப் போய்ப் பள்ளத்திலிருக்கிற வண்டிக்குப் பக்கத்தில்தான் படுக்கும். வில்ஹோ கார்வோனென் பள்ளத்தில்! ஈஸ்டர்வரை ரௌனி கடையில் வேறு பேச்சே இருக்காது. இவரை இழுக்க ஒரு வண்டி வரும், வந்தவன் முதலில் டயரைத்தான் பார்ப்பான்.

உயிர்ப்பயம் என்று சொன்னால்கூட மன்னிக்கலாம். உயிர்ப்பயம் இல்லை. சிரிப்பார்கள் என்ற பயம். பின்னால் யாராவது வருவார்கள், எப்படியும் வருவார்கள் என்று தனக்குத்தானே சப்பைக்கட்டு கட்டிக்கொண்டார். கண்ணாடியில் பின்னால் பார்த்தார். ஒரு வண்டியும் இல்லை. கேட்டைத் தாண்டிப் போய்விட்டார்.

போனவருக்கு இன்னொரு வாய்ப்பும் இருந்தது. பத்து நிமிஷத்தில் ரௌனி கடை. அங்கே டெலிபோன் இருக்கிறது. உள்ளே போனதும் சொல்லிவிட வேண்டும் என்றுதான் கதவைத் திறந்தார். ஆனால் பால் லாரி ஓட்டுகிற ஓர்வோ அவரைப் பார்த்ததும் ஆரம்பித்துவிட்டான், இன்றைக்குப் படகு எப்படி மேடேறியது, பின்னாலிருந்து இம்பி தள்ளினாளா என்று. கடையில் எல்லோரும் சிரித்தார்கள். வில்ஹோவுக்கு ரோஷம் வந்துவிட்டது. ஒரே மூச்சில் ஏறினேன், ஒரு தடவை வழுக்கவில்லை, உங்கள் பொம்மைகளை ஏற்றிக் காட்டுங்கள் பார்க்கலாம் என்று வாய் கிழியப் பேசினார். காபி வந்தது. இஞ்சி பிஸ்கட் வந்தது. அதற்கப்புறம் எப்படிச் சொல்வது? மேட்டில் ஒரு வண்டி கிடக்கிறது என்றால், அடுத்த கேள்வி, நீ நிற்கவில்லையா என்பதுதான். வார்த்தையைக் காபியோடு சேர்த்து விழுங்கினார். வீட்டுக்குத் திரும்பும்போது மேட்டுச் சாலையில் வராமல் ஏரிச் சாலையில் ஏழு மைல் சுற்றிக்கொண்டு வந்தார். கெட்ட காரியத்துக்கு இவ்வளவு சிரத்தை!

நாலரை மணிக்கு வேலையை முடித்துக்கொண்டு வீட்டுக்குப் போன ஓர்வோதான் அந்த வண்டியைக் கண்டுபிடித்தான். உள்ளே இருந்தது சைமி ஓஜலா. வில்ஹோவும் அவளும் பள்ளிக்கூடத்தில் ஒரே வகுப்பு. புருஷன் இறந்து ஒன்பது வருடம். சர்ச்சில் புதன்கிழமைதோறும் பெண்கள் கூடி, மாவுக்குள் இறைச்சியும் உருளைக்கிழங்கும் வைத்து ஓரத்தை மடித்துச் சுடுகிற பாஸ்டி செய்து விற்பார்கள். இருபது பேர் செய்தாலும் சைமி ஓரம் மடித்த பாஸ்டியைத் தனியாகச் சொல்லிவிடலாம். மறுநாளுக்கு மாவு வாங்கப் போனவள் வழுக்கி இறங்கியிருக்கிறாள். சைலன்சர் குழாய் பனியில் புதைந்துவிட்டதால், புகை உள்ளே வருமென்று எஞ்சினை அணைத்துவிட்டாள். அவசரத்துக்கென்று காரில் டப்பாவில் வைத்திருந்த மெழுகுவர்த்தி ஒரு மணி நேரம் எரிந்தது. ஓர்வோ கதவை உடைத்துத் திறந்தபோது அவளுக்குப் பேச்சு குழறியது. ஒரு வண்டி போச்சு, என்று மட்டும் சொன்னாளாம். ஆஸ்பத்திரியில் வலது கையில் இரண்டு விரலின் நுனியை வெட்டி எடுத்துவிட்டார்கள். அங்கிருந்து மகள் அவளை வெளியூரிலிருக்கும் தன் வீட்டுக்கு அழைத்துப் போய்விட்டாள்.

மறுநாள் காலை இம்பி இந்தச் செய்தியைச் சொன்னபோது வில்ஹோ ஷூ நாடாவைக் கட்டிக்கொண்டிருந்தார். தலையை நிமிர்த்தவில்லை. ஒரு நாடாவையே திரும்பத் திரும்பக் கட்டிக்கொண்டிருந்தார்.

ரௌனி கடை கொதித்தது. சைமியைப் பார்த்துவிட்டு நிற்காமல் போனவன் எவன்? யாரோ ஒருத்தர் திரும்பி, நேற்று நீ மேட்டு வழியாகத்தானே வந்தாய் வில்ஹோ என்று கேட்டார். சந்தேகத்தில் கேட்கவில்லை, அவர் மேல் யாருக்குச் சந்தேகம் வரும்? வில்ஹோ, நான் ஒரு மணிக்கே ஏறிவிட்டேன், அப்போது மேட்டில் ஒன்றுமில்லை, வழியில் தம்பி வீட்டில் உட்கார்ந்துவிட்டு வந்தேன் என்றார். பொய் அவ்வளவு சுலபமாக வந்தது அவருக்கே திகிலாக இருந்தது.

பழி வேறொருவன் தலையில் விழுந்தது. ப்ரெஸ்காட் என்று ஒரு வாத்தியார், எங்கள் பக்கத்தை மிச்சிகனின் தென்பாதியோடு சேர்க்கும் பாலத்துக்குத் தெற்கே இருந்து அந்த வருடம்தான் உயர்நிலைப் பள்ளிக்கு வந்தவன். அன்று மதியம் அவன் கார் அந்தப் பக்கம் போனதை யாரோ பார்த்திருக்கிறார்கள். பாலத்துக்குத் தெற்கே இருப்பவர்களுக்கு நம் பழக்கம் எங்கே தெரியும் என்று ஊரே தீர்ப்பு எழுதிவிட்டது. நான் ஏரிச் சாலையில்தான் போனேன் என்று அவன் சொன்னான். யார் நம்புகிறார்கள்? அவனை யாரும் திட்டவில்லை, அடிக்கவில்லை. எங்கள் ஆட்கள் அப்படிச் செய்ய மாட்டார்கள். அவன் கடைக்கு வந்தால் பேச்சு நின்றுவிடும். அவன் வாசலில் பனி சேர்ந்தால் பக்கத்து வீட்டுக்காரன் தன் பனி தள்ளும் இயந்திரத்தை வேலிவரை ஓட்டித் திருப்பிக்கொள்வான்.

வில்ஹோ அந்த வாரமே நாலு டயரையும் புதிதாக மாற்றினார். இம்பிக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. ஒருவழியாகப் புத்தி வந்ததே என்று அவருக்குப் பிடித்த ஏலக்காய் ரொட்டி செய்து கொடுத்தாள். அந்த ரொட்டியை அவர் பாதியிலேயே தட்டில் வைத்துவிட்டார். அவளிடமாவது சொல்லியிருக்கலாம். வாயெடுப்பார், வராது. சைமிக்குக் கார்டு எழுதலாம் என்று உட்கார்ந்து, சீக்கிரம் குணமாக வேண்டும் என்று எழுதி, அதைப் படித்துப் பார்த்து அவருக்கே அருவருப்பாகிவிட்டது. அதை அடுப்பில் போட்டார்.

பிப்ரவரி கடைசியில் ஒரு சாயங்காலம். பள்ளிக்கூடத்து வாகன நிறுத்தத்தில் ப்ரெஸ்காட் பானெட்டைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றிருந்தான். பேட்டரி செத்துவிட்டது. கையில் வேறு வண்டியின் பேட்டரியோடு இணைக்கும் கம்பியை வைத்துக்கொண்டு, போகிற வண்டிக்கெல்லாம் கையைத் தூக்கிக் காட்டினான். மூன்று வண்டிகள் அவனைத் தாண்டிப் போனதை வில்ஹோ சாலையிலிருந்தே பார்த்தார். மூன்றும் தெரிந்த வண்டிகள். பள்ளத்தில் கிடப்பவன் எதிரியானாலும் நிற்கிற ஊர், நிற்கவில்லை.

வில்ஹோ காரைக் கொண்டுபோய் அவன் காருக்கு மூக்கோடு மூக்காக நிறுத்திக் கம்பியை மாட்டினார். கார் உறுமிக் கிளம்பியது. ப்ரெஸ்காட்டுக்குக் குளிரில் உதடு வெடித்திருந்தது.

"மிஸ்டர் கார்வோனென், ரொம்ப நன்றி. இந்த ஊர்ல எனக்காக நின்ன ஒரே ஆள் நீங்கதான். வர்ற ஜூனோட நான் கிளம்பிடறேன். ஆனா உங்கள மறக்க மாட்டேன்."

நாக்கைப் பிடுங்கிக்கொண்டு சாகலாம் போல இருந்தது வில்ஹோவுக்கு. கையுறையைக் கழற்றி அவன் கையைக் குலுக்கக்கூட அவரால் முடியவில்லை. வீட்டுக்குப் போகவில்லை. நேராக ரௌனி கடைக்குப் போனார். ஓர்வோவும் இன்னும் ஏழெட்டுப் பேரும் இருந்தார்கள். தொப்பியைக் கழற்றினார், உட்காரவில்லை.

"சைமிய விட்டுட்டுப் போனது வாத்தியார் இல்ல. நான்தான். ரெண்டேகால் மணிக்குப் பாத்தேன். உச்சி வரைக்கும் போயி, திருப்பாம வந்துட்டேன். டயர் வழுவழுன்னு இருந்துச்சு, பள்ளத்துல விழுந்தா நீங்கள்லாம் சிரிப்பீங்கன்னு வந்துட்டேன். இங்க உக்காந்து காபி குடிச்சேன். தம்பி வீட்டுக்குப் போனேன்னு சொன்னது பொய்."

 ரௌனி துடைத்துக்கொண்டிருந்த கோப்பையைக் கீழே வைத்தாள். திட்டுவார்கள் என்று எதிர்பார்த்து நின்றார். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். கடைசியில் ஓர்வோதான் பேசினான். எப்போதும் கேலி பேசுகிற ஆள், குரலே எழும்பவில்லை.

"அன்னைக்கி நீ ஒரு வார்த்த சொல்லியிருந்தா நான் லாரிய எடுத்துட்டுப் போயிருப்பேனேடா, வில்ஹோ. பத்து நிமிஷம்டா."

அதோடு எழுந்து கோட்டை மாட்டிக்கொண்டு போய்விட்டான். ப்ரெஸ்காட் வீட்டுக்குப் போனான் என்று பிறகு தெரிந்தது. வில்ஹோ வீட்டுக்கு வந்து இம்பியிடமும் சொன்னார். அவள் அடுப்பில் ஒரு விறகைத் தள்ளினாள். அப்புறம், சைமியிடம் சொன்னாயா என்று மட்டும் கேட்டாள்.

சைமி மார்ச் முதல் வாரம் திரும்பி வந்தாள். வில்ஹோ மறுநாள் காலை பத்து மணிக்குப் போனார். உண்மையைச் சொன்னால் அவர் மனசு கொஞ்சம் லேசாகத்தான் இருந்தது. ஊருக்கே சொல்லியாகிவிட்டது, தலை காட்ட முடியாத அளவு மானம் போயாகிவிட்டது, இதற்கு மேல் என்ன இருக்கிறது? அவள் கத்துவாள். கேட்டுக்கொள்ள வேண்டும். கதவைச் சாத்தினால் சாத்தட்டும்.

அவள் கத்தவில்லை. உள்ளே வரச் சொல்லி, இடது கையால் காபி ஊற்றினாள். மேஜையில் கொஞ்சம் மாவு பிசைந்து வைத்திருந்தாள். வலது கையால் ஓரம் மடித்துப் பழகிப் பார்த்திருக்கிறாள் போல. நாலு பாஸ்டி தட்டில் இருந்தது, நாலும் வாயைப் பிளந்துகொண்டிருந்தன. வில்ஹோ அதைப் பார்க்காமல் இருக்கப் பார்த்தார், முடியவில்லை. தயார் செய்துகொண்டு வந்ததையெல்லாம் சொன்னார். டயரைச் சொன்னார், கேட்டைச் சொன்னார், கடையைச் சொன்னார், வாத்தியார் மேல் பழி விழுந்ததைச் சொன்னார். வாத்தியார் விஷயம் அவளுக்குத் தெரிந்திருக்கவில்லை. அடப்பாவமே, மகள் வீட்டில் யாரும் சொல்லவில்லையே, தெரிந்திருந்தால் அன்றே போன் பண்ணியிருப்பேனே என்றாள்.

"போன் பண்ணி என்னன்னு சொல்லியிருப்ப?" என்றார் வில்ஹோ.

"அது வாத்தியார் கார் இல்லன்னு. ஒத்தை விளக்கோட மஞ்சக் கார் ஊருல வேற யாருகிட்ட இருக்கு? எனக்கு அப்பவே தெரியும், வில்ஹோ. நீதான்னு பாத்தேன்."

 தெரிந்தும் ஆஸ்பத்திரியில், மகளிடத்தில், யாரிடமும் இவள் சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை என்று கேட்டார். அவள் தோளைக் குலுக்கினாள். சொல்லியிருந்தால் யார் நம்பியிருப்பார்கள், எனக்கே நம்பிக்கை வரவில்லை என்றாள். கோபமில்லாமல்தான் சொன்னாள். காபியில் சர்க்கரை போட்டு இடது கையால் கலக்கினாள், கொஞ்சம் சிந்தியது.

"அப்போ நீமி வீடு நல்லாத் தெரிஞ்சுது. முந்நூறு கெஜம்தான். நான் எறங்கி நடக்கலாம்னு கதவத் தொறந்துட்டேன். பூட்ஸக்கூட இறுக்கிக் கட்டிட்டேன். அப்பதான் உன் கார் வந்துச்சு. சரி, வில்ஹோ வந்துட்டான், மேல போயித் திருப்பிட்டு வந்துருவான்னு கதவ மூடிக்கிட்டேன்."

சைமி சிந்திய காபியைத் துணியால் துடைத்தாள்.

"ஒரு அரை மணி நேரம் உன்னையே பாத்துக்கிட்டு இருந்தேன். அப்புறம் பனி மூடிருச்சு, நீமி வீடு தெரியல. அதுக்கப்புறம் எறங்கறதுக்கு வழியில்ல. வேற யாராவதா இருந்தா நான் நடந்துருப்பேன். நீங்கறதாலதான் உக்காந்துருந்தேன்."

 அவர் கோப்பையைக் கீழே வைத்தார், தட்டில் பட்டுச் சத்தம் போட்டது. முகத்தை மூடிக்கொள்ளவும் வெட்கமாக இருந்தது, மூடாமல் இருக்கவும் வெட்கமாக இருந்தது. அறுபத்து மூன்று வயது மனிதர், அந்தச் சமையலறை மேஜைக்கு முன்னால் தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருந்தார்.

காபி ஆறிவிட்டது, வேறு ஊற்றட்டுமா என்று சைமி கேட்டாள். வேண்டாம் என்று தலையாட்டினார்.